கொய்யா மரத்தில் கட்டிய சீடிகள்

என் அப்பா வெற்றுச் சீடி வாங்குவதைப் பார்த்தவர்கள், அவர் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். கண்டி நகரில், அலவத்துகொட ஊரைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர் கொம்பியூட்டர் சாமான் கடை வைத்திருந்தார். அப்பா அங்கே போய் ஒவ்வொரு சீடியையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஊசித்துளை ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பார். எந்த நாட்டில் செய்தது, கடைக்கு எப்போது வந்தது என்று துருவுவார்.

"எல்லாம் நல்ல சாமான்தான் சேர். நூறு வருஷம் கெரண்டி என்டு பெட்டியிலயே போட்டிருக்கு" என்பார் நானா.

"நூறு வருஷம் இருந்து பாத்தவன் ஆர்?" என்பார் அப்பா.

எனக்கு அப்போது பத்து வயது. நாட்டில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் புறப்பட்ட அத்தை, போகும் வழியில் எங்கள் வீட்டில் ஒரு கிழமை தங்கினார். அவருடைய அல்பத்தில் அம்மா அப்பாவின் கல்யாணப் படங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாம் போச்சுது" என்று அம்மா முடித்துவிடுவார். பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கியிருப்பார் என்று நானே தீர்மானித்திருந்தேன். குடைகளை அவர் அப்படித்தான் தொலைப்பார். எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அவர்களுடைய முதல் வீடு எரிந்ததை என்னிடம் சொல்ல இருவருக்கும் இன்னும் மனம் வந்திருக்கவில்லை.

அப்பா அந்தப் படங்களை நானாவின் கடையில் ஸ்கேன் செய்து, நாலு வெவ்வேறு கம்பனிகளின் சீடிகளில் இரண்டிரண்டு பிரதி எடுத்தார். சீடியின் மேல் எதுவும் எழுதவில்லை. பேனை மை உள்ளே இறங்கித் தின்றுவிடுமாம். கம்பனிக்கு ஒன்றாக நாலை அலுமாரியில் வைத்தார். மற்ற நாலையும் நூலில் கட்டிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டார். பத்து நாள் வெயிலையும் மழையையும் எது தாங்குகிறதோ, அந்தக் கம்பனிச் சீடியைத்தான் நம்புவது என்பது அவருடைய திட்டம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் குரங்குகளை விரட்டுவதற்காக வீட்டுக்கு வீடு மரங்களில் பழுதான சீடிகள் மினுங்கிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கும் ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கொய்யாப்பழம் என்றால் எனக்கு உயிர். ஆனால் குரங்குகள் நாலு சீடிக்கெல்லாம் அசையவில்லை. அப்பா கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்த சமயம், அலுமாரியில் சும்மா கிடந்த நாலையும் எடுத்து, என் தலைமுடி ரிப்பனை வெட்டிக் கட்டிவிட்டேன். அன்றைக்கே பெரிய மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை.

மூன்றாம் நாள் அத்தை கனடாவிலிருந்து ரெலிபோன் எடுத்தார். அல்பம் இருந்த பெட்டி வழியில் தொலைந்துவிட்டதாம். அம்மா கதிரையில் இருந்தபடியே அழத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அப்பா பயணப்பையோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அழாதையும். எங்களிட்ட இருக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டே அலுமாரியைத் திறந்தார். நாலு வெறும் உறைகள்தான் இருந்தன.

"இதுக்குள்ள இருந்தது எங்கை?"

"குரங்குக்குக் கட்டினனான் அப்பா" என்றேன், பெருமையாக.

அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா மழைக்குள் இறங்கிப் போய், எட்டையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். இரண்டைக் குரங்கு கடித்திருந்தது. பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொம்பியூட்டரில் போட்டார். ஒன்று உறுமி உறுமி நின்றது. அடுத்ததும் அப்படியே.

ஏழாவது சீடி திறந்தது. நான் ரிப்பனில் கட்டியது. கூறைச்சேலையில் அம்மா தலைகுனிந்து நின்றார்.

"எவ்வளவு மெலிவா இருந்திருக்கிறன்" என்று அம்மா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்பா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடி விழும் என்று காத்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சட்டை முழுக்க மழை.

மறுநாள் அந்தக் கம்பனிச் சீடியில் ஒரு பெட்டியே வாங்கிவந்து மூன்று பிரதி எடுத்தார். ஒன்றை அலுமாரியில் வைத்தார். ஒன்று நானாவின் அலவத்துகொட வீட்டுக்கு. மற்றது பேராதனையில், அப்பாவின் சிங்களச் சிநேகிதர் வீட்டுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் படம் அடுத்தவர் வீடுகளில் எதற்கு?

"எங்கட வீட்டில இருந்தாப் போதாதோ? இதுவும் நல்ல வீடுதானே அப்பா?"

அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் பிள்ளை, நல்ல வீடுதான். முந்தின வீடும் நல்ல வீடுதான்."

முந்தின வீடு ஒழுகியிருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன்.