மண்ணுக்குள் விளைந்த கடலைக்காய்

மொட்டை மாடியில் கடலைக்காய் போட்டதற்கு ஒரே ஒரு காரணம்தான். அது மண்ணுக்குள் காய்க்கும். என் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டுவது அவர் வேலை. சட்டைப் பையில் ஸ்டிக்கரோடுதான் வீட்டுக்கு வருவார். சுவரில் விரிசல் விட்ட இடத்தில் ஒன்று ஒட்டியிருக்கிறது. அடிபிடித்த குண்டாவில் ஒன்று. நான் ஆசையாய் வைத்த ரோஜாச் செடியில், பூச்சி கடித்த இலையில் ஒன்று. வாயைத் திறந்து திட்டவே மாட்டார். ஒட்டிவிட்டுப் போய்விடுவார். திட்டினால்கூட நாலு வார்த்தை திருப்பிப் பேசலாம்.

இந்த மனுசன் குறை சொல்லாத ஒரு பொருளையாவது என் கையால் விளைவித்துவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. அவிநாசிச் சந்தையில் விதைக்கடலை வாங்கினேன். கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி வரும் வெள்ளைச் சாக்குகள் நாலில் செம்மண்ணை நிரப்பி ஊன்றினேன். நன்றாக முளைத்தது. மஞ்சள் பூ வந்தது. பூ வாடி, அதிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கியது. இனி பிடுங்குகிற வரைக்கும் எந்தச் செக்கருக்கும் இங்கே வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை மேலே போய்ப் பார்த்தால் ஒரு சாக்கில் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. வேர்ப்புழுவாக இருக்கும் என்று வேப்பம் புண்ணாக்கு போட்டேன். அடுத்த திங்கட்கிழமை வேறொரு சாக்கு. அதற்கும் போட்டேன். இந்தப் புழு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடி வந்தேன். அங்கே அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் வேரோடு ஒரு செடி. பருப்பு பிடிக்காத பிஞ்சுக் காய்களை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, செடியைத் திரும்ப மண்ணில் ஊன்றி, பக்குவமாய்த் தட்டிக்கொடுத்தார்.

"அட சாமி! என்னுங்க பண்றீங்க?"

"சாம்பிள் பாக்கறேன் அம்மிணி. கடைசீல பாத்தா மொத்த லாட்டே வீணாப் போயிரும். மிசின் ஓடறப்பவே பாக்கோணும்."

"புடுங்குன செடி பொழைக்குமுங்களா?"

"பிரிச்சுப் பாத்த பீஸை மடிச்சுப் பெட்டிக்குள்ள வெக்கறதில்லையா? அது மாதிரி வெச்சுட்டனே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மழையில் நனைந்துகொண்டே கத்தினேன். "கல்யாணமாகி வந்த நாள்லருந்து ஒரு சோறு, ஒரு கொழம்பு, ஒண்ணாச்சும் நல்லாயிருக்குன்னு உங்க வாயில வந்திருக்குதுங்களா?"

அவர் உண்மையிலேயே விளங்காமல் என்னைப் பார்த்தார். "நல்ல பீஸுக்கு ஆராச்சும் ஸ்டிக்கர் ஒட்டுவாங்களா அம்மிணி?"

கீழே போய் அடுப்படியில் அழுதேன். அவர் எதிரே அழுதால் அதிலும் ஏதாவது குறை கண்டுபிடிப்பார். காயப்போட்ட துணி மொத்தமும் நனைந்துபோனது.

அந்தச் சாக்கும் வாடிப்போய், நாலில் ஒரே ஒரு சாக்குத்தான் தப்பித்தது. அதை அவர் தொடவில்லை. நானும் தொடவிடவில்லை. இலை பழுத்ததும் பிடுங்கினேன். ஒரு தட்டு நிறையும் அளவுக்குத்தான் காய் இருந்தது. கல்லுப்பு போட்டு வேகவைத்து அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

முதல் காயை உடைத்தார். உள்ளே பருப்பே இல்லாத பொக்கு. இரண்டாவதும் பொக்கு. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்து, ஒவ்வொன்றாய் உடைத்து முழுவதையும் தின்றார். கை கழுவ எழுந்து போனார்.

தொலியைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவினேன். கழுவும்போது திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். எதுவும் ஒட்டியிருக்கவில்லை.