மூன்றாவது சூடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நடந்தது இதுதான். கவிநிலா நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற பெண். கதை கட்டிச் சொல்ல அவளுக்குத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் அவள் பக்கத்தில் கறியைச் சுட்டுப் பாருங்கள். எழுந்து தெருவுக்கு ஓடிவிடுவாள்.

வேதியியல் முடித்துவிட்டு, செங்கம் ரோட்டில் ராமகிருஷ்ணன் பட்டறையில் சேர்ந்திருந்தாள். காரின் சைலன்சர் குழாய், டர்போ போன்ற சூடேறும் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கச் செராமிக் பூச்சு அடிக்கும் பட்டறை. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, மணல் அடித்து இரும்பை வெளுப்பாக்குவது அவள் வேலை. பூச்சு அடிப்பவன் வல்லரசு. பிறகு ஓவனில் வைத்துச் சுட வேண்டும். கழுவிய இரும்பை வெறுங்கையால் மட்டும் தொடவே கூடாது. விரலில் இருக்கும் பிசுக்கே போதும், அந்த இடத்தில் பூச்சு ஒட்டாது.

திங்கட்கிழமை ஒரு டாக்ஸியின் டர்போவும் அதன் குழாயும் வந்தன. மதியம் ஓவனில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம். முதலில் மயிர் பொசுங்குவது போல. பிறகு கொழுப்பு உருகுவது போல…

“இன்னா கவி, உள்ள கறி சுடறியா? கிரிவலம் போறவங்க நம்மள அடிக்கப் போறாங்க” என்றான் வல்லரசு.

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். குழாயின் மேல் பூச்சு கொப்புளித்துக் கிடந்தது. ஒரு உள்ளங்கை. ஐந்து விரல்கள்.

“கை வச்சியா?” என்றார் ராமகிருஷ்ணன்.

“இல்லண்ணா. கிளவுஸ் போட்டிருந்தேன்.”

“பின்ன பேயா வந்து தொட்டுச்சு? திருப்பிப் பண்ணு. இன்னொரு வாட்டி கெட்டுச்சுன்னா நீ வேலைக்கே வராத.”

செவ்வாய்க்கிழமை பூச்சு முழுவதையும் மணல் அடித்து எடுத்தாள். இரண்டு கிளவுஸ், ஒன்றின் மேல் ஒன்று. மறுபடி பூச்சு, மறுபடி சூடு.

அதே நாற்றம். அதே கை. இந்த முறை கொப்புளம் வெடித்து, மஞ்சளாக ஏதோ வழிந்திருந்தது. விரலால் தொட்டாள். கிளவுஸோடு மெல்லிய தோல் போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

திரும்பி வந்து, அந்தத் தடத்தின் மேல் தன் கையை விரித்துப் பார்த்தாள். அது எவனோ ஓர் ஆணின் பெரிய கை. ராமகிருஷ்ணனைக் கூப்பிட்டு, அது தன் கை இல்லை என்று காட்டியிருக்கலாம். வாய் கூசியது.

“நாளைக்கு ஒரு தடவை பாக்குறேண்ணா” என்று மட்டும் கெஞ்சினாள்.

அவள் படித்த படிப்பு ஒரு வழி சொன்னது. இரும்பின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் பிசுக்கு ஊறியிருக்கும். பூச்சு அடிக்கும் முன் வெறும் இரும்பையே நன்றாகச் சுட்டால் எரிந்து போய்விடும்.

புதன்கிழமை மதியம் சூட்டைக் கூட்டி வைத்தாள்.

ஸ்ஸ்ஸ்…

உள்ளே ஏதோ பொரிந்தது. துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். துணி வழியாகவும் நாற்றம் வந்தது. நாக்கில் பிசுபிசுத்தது.

டக்… டக்…

ஓவன் கதவு அதிர்ந்தது. உள்ளிருந்து.

வேலை போய்விடும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. சூட்டை இன்னும் கூட்டினாள்.

டக்டக்டக்…

நின்றது.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரை.

அன்று மாலை பூச்சு அடித்துச் சுட்டபோது நாற்றமே இல்லை. குழாய் வழவழவென்று வெளியே வந்தது. கை இல்லை. “இது வேலை!” என்றார் ராமகிருஷ்ணன்.

மறுநாள் காலை டாக்ஸிக்காரர் திருமலை வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குழாயைத் தொடவே இல்லை.

“நம்ம டிரைவர் சடையன்மா. போன வாரம் அடி அண்ணாமலைகிட்ட வண்டிக்குக் கீழ படுத்து வேலை பாத்துனு இருந்தான். ஜாக்கி நழுவிடுச்சு. கொதிச்சுக்கினு இருந்த இந்தக் குழாய்லதான் கை ஒட்டிக்கிச்சு. பிச்சுதான் எடுத்தோம்.”

“செத்துட்டாரா?” என்றாள் மெதுவாக.

“அப்ப சாவல. கைதானம்மா? ஆறிட்டு வந்துச்சு. திங்கக்கிழமை மதியம் ஆஸ்பத்திரில எரியுது எரியுதுன்னு கத்தினான். கை புதுசா கொப்புளிச்சுது. செவ்வாக்கிழமையும் அப்படியே. டாக்டருக்கே ஒண்ணும் புரியல. நேத்து உடம்பு மொத்தமும்… கட்டிலை அடிச்சுக்கினே கிடந்தான். ரெண்டரைக்கு அடங்கிட்டான்.”

ராமகிருஷ்ணன் உள்ளிருந்து வந்து குழாயை எடுத்துத் துடைத்தார். எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

“எல்லாம் நம்ம பொண்ணு வேலைங்க. துளி பிசுக்கு விடாம சுட்டு எடுத்துட்டா.”