தேய்த்துத் தீராத பானெட்

லிஃப்ட்காரர் முப்பத்தொரு வருஷம் ஒரு பெட்டிக்குள் நின்று வேலை பார்த்தவர். எட்டு மாடி ஆபீஸ் கட்டடம். நாளைக்கு நூறு தடவை மேலே, நூறு தடவை கீழே. கூட்டிப் பார்த்தால் மனிதர் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குடையை மறந்துவிட்டோமே என்று இன்னொரு தடவையும் கிளம்பியிருப்பார். ஆனால் பக்கத்துத் தெருவை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

ஊர்ச் சங்கதி எல்லாம் அவருக்கு அத்துப்படி. என்ன, எல்லாமே பாதிப் பாதி. யார் யாரோடு சண்டை, யார் வீட்டில் யார் பேசுவதில்லை என்று காது சூடாகும் நேரத்தில் ஆறாவது மாடி வந்துவிடும். மீதிக் கதை கதவு வழியாக இறங்கிப் போய்விடும். கல்யாணம் ஆகாததும் அப்படித்தான். அக்கவுண்ட்ஸில் ஒரு பெண். "உங்ககிட்ட ஒண்ணு..." என்று இவர் வாயைத் திறப்பதற்குள் ஐந்தாவது மாடி. மறுநாளும் ஐந்தாவது மாடி. மூன்று வருஷம் ஐந்தாவது மாடி. கடைசியில் ஒருநாள் அந்தப் பெண் கையில் கல்யாணப் பத்திரிகையோடு ஏறினாள். அன்றைக்கென்று எட்டாவது மாடி வரைக்கும் வந்தாள்.

ரிட்டயர் ஆனதும் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஓர் அறை பிடித்தார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "பாத்தது போதும்ப்பா" என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டார். பெருமை ஒரு வாரம்தான் தாங்கியது. காலையில் எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள், சாயங்காலம் நாக்குத் தள்ள மாடி ஏறினார்கள். யாரும் நிற்கவில்லை. மூன்று மாதத்தில் அவருக்குக் கிடைத்த மொத்தப் பேச்சையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஒருநாள் ரேடியோவில் செய்தி வாசித்தவர் வணக்கம் சொன்னார். இவர் எழுந்து நின்று பதில் வணக்கம் சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் கண்டுகொள்ளாமல் மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. அக்காவும் அத்தானும் மகன் வீட்டோடு போகும்போது, "நீயே வெச்சுக்கடா, வித்தா யாரும் வாங்க மாட்டான்" என்று அன்போடு கொடுத்தது. நீல நிறம். நீலத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி பூசியிருந்த கிளியர் கோட் மட்டும் இருபது வருஷ வெயிலில் வெந்து, பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. தூரத்தில் பார்த்தால் தேமல் பிடித்த யானைக்குட்டி வாசலில் படுத்திருப்பது போலத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வாளித் தண்ணீர், பழைய துணி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் சகிதம் உட்கார்ந்தார். நாலு தேய் தேய்த்திருப்பார். முதல் மாடித் தையல்காரம்மா நின்றுவிட்டார்.

"என்னண்ணே, காருக்கு முதுகு தேய்ச்சு விடுறீங்களா?"

"உரியுதும்மா. தேய்ச்சுட்டு மேல புதுசா கிளியர் அடிக்கணும்."

"அப்படியே என் வீட்டுக்காரரையும் கொண்டாந்து விடுறேன். அவருக்கும் தேய்க்க வேண்டியது நிறைய இருக்கு."

எதிர்ப்பக்கத்துப் பட்டறை பெயிண்டர் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"பெருசு, அது காரு. தோசைக்கல்லு இல்ல. மெதுவா! தண்ணி பால் மாதிரி வெள்ளையா வருதுல்ல? அது கிளியர் போகுது, பரவாயில்ல. தண்ணி நீலமா வந்துச்சுன்னா கலர் போகுதுன்னு அர்த்தம். அந்த நிமிஷமே கைய எடுத்துடணும். மூணு நாள் வேலை, நாலாம் நாள் அடிச்சுடலாம்."

பிறகு மூன்றாவது மாடிக் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி விற்கிறவர். "சார், என் கடைக்கு வர்ற ஆளுங்க கண்ணு இதவிடத் தெளிவா இருக்கும்" என்று பானெட்டைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் போகவில்லை. சின்ன வயசில் அவருடைய அப்பா வாங்கிய ஸ்கூட்டரின் கதையைத் தொடங்கி, அதை யாரோ திருடி, திருடினவனே பிரேக் சரியில்லை என்று திரும்பக் கொண்டுவந்து விட்டது வரைக்கும் சொல்லி முடித்தார். இருபது நிமிஷம்!

லிஃப்ட்காரருக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு கதையை அதன் வால் வரைக்கும் கேட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள் வந்தது. பானெட் பதமாகத்தான் இருந்தது. விரலால் தடவினால் மேடு பள்ளம் இல்லை. ஆனால் அவருக்கு ஒன்று புரிந்திருந்தது. கை தேய்த்துக்கொண்டிருந்தால் ஆட்கள் நிற்கிறார்கள். கை நின்றால் "சரி, வரட்டா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். கார் பளபளத்துவிட்டால் அப்புறம் எவன் நிற்பான்? மறுபடி ரேடியோக்காரருக்குத்தான் வணக்கம் போட வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் மொரமொரன்னு இருக்கு" என்று எல்லோரிடமும் சொன்னார். அஞ்சாம் நாளும் சொன்னார். எட்டாம் நாளும் சொன்னார்.

"பெருசு, இந்நேரத்துக்கு ஒரு கப்பலையே தேய்ச்சிருக்கலாம்" என்றார் பெயிண்டர்.

"விடுப்பா, சார் ஓட்டை போட்டு அந்தப் பக்கமா வெளிய வரப் பாக்குறாரு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

பதினோராம் நாள் தையல்காரம்மா தன் கொழுந்தன் கதையை எடுத்தார். கொழுந்தன் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சர்க்கஸோடு போய்விட்டான். மாமியார் படுத்த படுக்கை. ஆறு மாதம் தகவல் இல்லை. ஒருநாள் வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்...

அந்த இடத்தில்தான் லிஃப்ட்காரர் பார்த்தார். விரலிடுக்கில் வழிந்த தண்ணீர் நீலமாக இருந்தது.

கையை எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தம்மா "சரிண்ணே, அடுப்புல வேலை இருக்கு" என்று போய்விடுவார். கதவைத் தட்டியது யார் என்று தெரியாமலே போய்விடும். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். தண்ணீர் கருநீலம் ஆனது. இவர் துணியை வைத்து மறைத்துக்கொண்டு தேய்த்தார்.

"...தொறந்து பாத்தா, கொழுந்தன்! கூட ஒரு குரங்கு! என் மாமியா படுக்கையில இருந்து ஒரே தாவா தாவி எந்திரிச்சு, மகன விட்டுட்டு அந்தக் குரங்கப் பாத்து, 'இளைச்சுப் போயிட்டியேடா'ன்னு... ஐயய்யோ! அண்ணே! தண்ணி நீலமா ஓடுதே!"

துணியை எடுத்தால், நடு பானெட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு ப்ரைமர் பல்லைக் காட்டியது.

பெயிண்டர் ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "படிச்சுப் படிச்சு சொன்னேனே பெருசு! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா தேய்ச்சீங்க?"

லிஃப்ட்காரர் துணியை வாளியில் போட்டார். நீலக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேட்டியும் நீலமானது.

பாவம், வயசானவர், தனியாளாக முடியவில்லை என்று மூன்று பேருக்கும் மனசு இளகிவிட்டது. அங்கேதான் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை காலையில் படை திரண்டு வந்துவிட்டார்கள். தையல்காரம்மா கத்தரிக்கோலால் பெயிண்ட் படாமல் மூடுவதற்குச் செய்தித்தாளைக் காரின் கண்ணாடிக்கும் விளக்குக்கும் அளவெடுத்து வெட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் மயிரிழை பிசகாமல் டேப் ஒட்டினார். பெயிண்டர் துடைத்து, சாம்பல் திட்டில் நீலம் அடித்து, அது காய்ந்ததும் முழு பானெட்டுக்கும் கிளியர் அடித்தார். மெல்லிசாக ஒன்று, பத்து நிமிஷம் விட்டு ஒன்று, இன்னும் பத்து நிமிஷம் விட்டு ஒன்று.

"நான் எதாச்சும்..." என்று லிஃப்ட்காரர் கிட்டே வந்தார்.

"நீங்க அப்படி ஓரமா உக்காருங்க! உங்க கை பட்டா இன்ஜின் வரைக்கும் தேஞ்சிடும்!"

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. டேப்பை உரித்ததும் தெருவில் இருந்த வெயில் மொத்தமும் அந்த பானெட்டுக்குக் குடிவந்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள். "இனிமே நிம்மதியா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

லிஃப்ட்காரர் நிம்மதியாக இருந்தார். திங்கட்கிழமை நிம்மதி. செவ்வாய்க்கிழமையும் நிம்மதி. தையல்காரம்மா படியேறும்போதே "பளபளன்னு இருக்குண்ணே!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயிண்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, வேறு ஒரு காருக்குள் தலையை விட்டுக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கிவிட்டு மாடி ஏறினார். லிஃப்ட்காரர் காருக்குப் பக்கத்தில் ரெண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்திருந்தார். மற்றதில் கொஞ்ச நேரம் ஒரு பூனை உட்கார்ந்தது. அதுவும் கதை எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனது.

வியாழக்கிழமை சாயங்காலம் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை "சும்மாத்தான் வந்தேன், சும்மாத்தான் வந்தேன்" என்று மனப்பாடம் பண்ணினார். கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே டிவி, குழந்தைகள் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம். திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போதே கதவு திறந்துவிட்டது.

"வாங்க சார்! என்ன, காருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

முப்பத்தொரு வருஷப் பழக்கம். சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"பானெட்ல... ஒரு தூசி விழுந்திருக்கு."

"தூசியா? தொடைச்சா போயிடுமே."

"இல்ல, உள்ள. கிளியருக்கு உள்ள."

கண்ணாடிக்கடைக்காரர் கைலியோடு கூடவே இறங்கி வந்தார். பானெட்டில் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"எங்க சார்?"

"இந்தப் பக்கம்."

"ஒண்ணும் இல்லையே."

"அப்ப அந்தப் பக்கம் போல."

அவர் அந்தப் பக்கமும் போனார். இடது பக்கம், வலது பக்கம், விளக்கோரம், வைப்பர் ஓரம். ஒரு மண்ணும் இல்லை. நிமிர்ந்தார். பக்கத்தில் ரெண்டு நாற்காலி கிடந்தது. லிஃப்ட்காரர் இஸ்திரிச் சட்டையில், பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு நிமிஷம் பானெட்டைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்தார், மூக்கு பானெட்டில் உரசும் அளவுக்கு.

"அட! ஆமா சார். இருக்கு."

"இருக்கா!"

"இருக்கு இருக்கு. ரொம்பப் பொடிசு. என் கண்ணுக்கே இப்பத்தான் தெரியுது. இதை இப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது." சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல், "எங்க போனீங்க?" என்று கேட்டது.

"வேலையா இருக்கேன்!" என்று அண்ணாந்து கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர்.

எங்கேதான் இருக்கிறது அந்தத் தூசி என்று லிஃப்ட்காரரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.