மோட்டார் சைக்கிள் குழாயில் அடைத்த தேங்காய் நார்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், நல்ல பங்குனி வெயில். பாளையங்கோட்டையில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டி மாட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். பிரசவம் என்று ஆள் வந்தால் அவர் ஓட்டுவார், நான் மருந்துப்பெட்டியோடு தொட்டியில் உட்கார்ந்து போவேன்.

அது போட்ட சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! ரோட்டில் மாடெல்லாம் மிரளும். ஒருநாள் ஒரு வைக்கோல் வண்டியே வாய்க்காலில் கவிழ்ந்தது. வண்டிக்காரர்கள் எங்களை மறித்து, “இந்தச் சனியன் இனிமே இங்கன வந்துச்சுன்னா வண்டியும் இருக்காது, நீரும் இருக்க மாட்டீரு வே” என்று இவரிடம் சொல்லிவிட்டார்கள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? புகைக்குழாயின் முனையில் ஒரு செம்புக் குடத்தைப் பொருத்தி, அதற்குள் தேங்காய் நாரைத் திணி திணி என்று திணித்தார். சத்தம் அடங்கியது. வண்டி பூனை மாதிரி போகுதாம், ஊரெல்லாம் பெருமை வேறு! இழுக்க முடியாமல் முக்குகிறதே என்று நான் கேட்டால், “உன் கனம் அப்படி, ஏட்டி” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வாரமே ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தாய்க்கு நினைவு தப்பித் தப்பி வருகிறதாம். அலறியடித்துக்கொண்டு கிளம்பினோம்.

அந்தக் கிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்று மேடு. வண்டி பாதி ஏறும், மூச்சு முட்டி நின்றுவிடும். இவர் பெட்ரோலைக் குறை சொன்னார். நான் இறங்கிப் பார்த்தேன். எண்ணெய்க் கசடு குடித்த நார் குடத்தின் வாயில் கெட்டியாக இறுகிக் கிடந்தது.

“புகை வெளிய போனாத்தான புதுக்காத்து உள்ள வரும்? அதைப் பிடுங்குங்க!”

“பிடுங்கினா மாடு மிரளுமே, ஏட்டி.”

“மிரளட்டும்! அங்கன ஒரு உசிரு போய்க்கிட்டிருக்கு!”

அவர் பதிலுக்கு நான் நிற்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை மொண்டு குடத்தின்மேல் ஊற்றிச் சூட்டைத் தணித்து, பெட்டியிலிருந்த பழைய இடுக்கியால் நாரைக் கொத்துக் கொத்தாக இழுத்துப் போட்டேன். அன்றைக்கு முதல் பிரசவம் அந்தக் குடத்துக்குத்தான்!

வண்டியைக் கிளப்பினார். அம்மாடி, என்ன முழக்கம்! என்னையும் பெட்டியையும் சுமந்துகொண்டு அதே மேட்டில் ஒரே மூச்சில் ஏறியது. எதிரே வைக்கோல் வண்டிகள் வரிசையாக வந்தன. போச்சு, மாடு மிரளப்போகிறது என்று தொட்டியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் முன்பு பட்ட அனுபவத்தில், சத்தம் தூரத்திலேயே கேட்டதும் வண்டிக்காரர்கள் முன்கூட்டியே ஓரங்கட்டி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூனை மாதிரி போனபோது ஒருத்தரும் ஒதுங்கினதில்லை. எனக்குக் கைதட்டிச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

போனதும் கையையும் சாமானையும் சுத்தம் பண்ணிக்கொண்டு, பிள்ளையைத் திருப்பி எடுத்தேன். பெண் பிள்ளை, வீல் என்று அழுதது. தாய் மெதுவாகக் கண் திறந்தாள்.

“மேட்டுல உங்க வண்டிச் சத்தம் கேட்டுச்சும்மா. இந்தா வந்துட்டாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் இவர் நாரைத் தொடவே இல்லை. குடத்துக்குப் புகை போக ஓட்டை போட்ட ஒரு மூடி வைத்தார். கடைத்தெருவில் மூடுவார், மேட்டில் திறப்பார். நான் மட்டும், வலியோடு ஒருத்தி காத்துக்கிடக்கிற ஊர் கண்ணில் பட்டதுமே, “திறங்க, அவளுக்குக் கேக்கட்டும்” என்று இன்றைக்கும் சொல்லிவிடுகிறேன்.