பதுளைப் புதுக்கடைக்கு நாலு படி

ரயில் வரப்போகிறது என்றதும் பதுளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெருவை அகலமாக்க வேண்டுமென்று எங்கள் தகரக் கொட்டகைகளையெல்லாம் இடித்துத் தள்ளினார்கள். சற்றுப் பின்தள்ளிக் கல்லால் கட்டிய கடைகள் எழும்பின. மழைத் தண்ணீர் ஏறாதிருக்க நாலு படி உயரம், முன்னால் தூண் வைத்த விறாந்தை. என் துணி வியாபாரத்துக்கும் ஒன்று கிடைத்தது. வந்து பார்த்த என் மனைவி, "அல்லாஹ்வே, இது கடையா, கவர்மெந்துக் கச்சேரியா?" என்றாள். அவள் வாய் பலித்துவிட்டது.

தீபாவளி வியாபாரம்தான் எங்களுக்கு வருஷச் சோறு. அது படுத்தால் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனம் வந்தது. வந்து தெருவிலேயே நின்றது. பழைய கொட்டகையில் பாயில் சம்மணம் போட்டு, பத்துச் சேலையை இழுத்துப் போட்டு, என்னைத் திட்டிக்கொண்டே வாங்கிய அதே பெண்கள்! ஒருத்தியும் ஏறவில்லை. பக்கத்துக் கடைக்காரன்தான் ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டான் என்று அவனைக் கரித்துக் கொட்டினேன்.

மறுநாள் ஒரு ஆள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படிக்குக் கீழே என் முன்னால் குனிந்து நின்றான். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை பங்களா முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். அதற்கும் இதே மாதிரிப் படியும் தூணும்; அந்த விறாந்தையில் கால் வைத்தால் அடி விழும். எனக்குச் சுரீரென்றது. நானா துரை? முழம் போட்டுத் துணி விற்கிறவன்!

தெருவில் சரக்கைப் பரப்பவும் விடமாட்டார்கள். சரி, ஒரு கை பார்த்துவிடுவோம் என்று மேசையைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு, விறாந்தையில் பழைய பாயை விரித்தேன். தெருவுக்கு இறங்கி, அங்கே நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டேன்.

"வாங்க தாயி, மேல வாங்க."

"வேணாங்க மொதலாளி, காலெல்லாம் சேறுங்க."

"தரைய நான் கழுவிக்கிறேன். நீங்க ஏறுங்க."

"எங்க தொரை பாத்தாக்கா?"

"பாக்கட்டுமே! அவருக்குத் துணி வேணும்னாலும் இந்தப் படியிலதான் ஏறணும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஏறி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். சிவப்புச் சேலை ஒன்றைப் பிரித்து அவள் மடியில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? அவர்களுடைய துரையே குதிரையை விட்டு இறங்கி விறுவிறுவென்று படியேறினார். மற்றப் பெண்கள் குதித்தோடிவிட்டார்கள். இவளும் பாதி எழுந்துவிட்டாள்.

"ஏய் கடைக்காரன், கம்பளி கொண்டா!" என்றார் துரை.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தோட்டமே என் கடைப்பக்கம் வராது. ஆனால் இவளை இன்று இறக்கிவிட்டால் எந்தத் தோட்டமும் இனி ஏறாது.  துணிந்து சொல்லிவிட்டேன்:

"கொஞ்சம் நில்லுங்க தொரை. இந்தம்மா மொதல்ல வந்தாங்க."

அவர் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தூணோரமாகப் போய் நின்றார்.

அவள் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள்.  சிவப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, "அந்தப் பச்சையையும் எடுத்துக் காட்டுங்க மொதலாளி" என்றாள்.