ஷைனி எழுதிய லைப்ரரி

ஜாவா என்ற கணினி மொழியில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: நம் வேலையில் பாதி எழுதுவது, மீதி காணாமல்போன லைப்ரரியைத் தேடுவது. லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடமல்ல. வேறொருவர் எழுதிவைத்த நிரலை எடுத்து நம்முடையதோடு சேர்த்துக்கொள்வது. ஒன்று கிடைக்காவிட்டாலும் மொத்தமும் ஓடாது.

சிவப்பு வரிகள்

நானும் என் தோழி ஷைனியும் நாகர்கோவிலில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து தமிழ் இலக்கணப் பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுதினோம். அவள் கல்யாணமாகி அயர்லாந்துக்குப் போனபிறகு அதைக் கவனித்துக்கொள்வது நான் மட்டும். அது ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் சமீபத்தில் செத்துப்போனது. புதியதில் ஓடவிட்டேன். திரை முழுக்கப் பிழை சொல்லும் சிவப்பு வரிகள். மூன்று லைப்ரரிகளைக் காணோம். இரண்டு, பதிப்பு எண்ணை மாற்றியதும் வந்துவிட்டன. மூன்றாவது, ஒற்று மிகும் இடங்களைப் பார்க்க ஷைனியே எழுதியது. இணையத்தில் அது எங்குமே இல்லை.

பூதப்பாண்டியில் மாத இதழ் நடத்தும் தேவதாஸ் சார் எங்கள் மென்பொருளைத்தான் நம்பியிருந்தார். கண்ணில் ஆபரேஷன் முடிந்தவர். இதழ் அச்சுக்குப் போகும் நேரம் வேறு. விஷயத்தைச் சொன்னேன். கேட்டார்: “பிழை பாக்குறதுக்கே பிழை வந்தா நான் யாருகிட்ட போவேன் மக்கா?”

ஒட்டுவேலை

அந்த லைப்ரரியைக் கேட்கும் வரிகளையெல்லாம் நீக்கிப் பார்த்தேன். ஓடியது. ஆனால் ‘மீன்பிடி தடைக்காலம்’ என்ற தலைப்பை ஒற்றுச் சேர்க்காமல் அப்படியே விட்டுவிட்டது. சார் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. “அந்தப் பிள்ள இருந்தப்போ இப்பிடி வராதுல்லா” என்றார்.

இராஜாக்கமங்கலம்

ஷைனியை முதலிலேயே கூப்பிட்டிருக்கலாம். கடைசியாகப் பேசியபோது அவள் அவசரமாக வைத்துவிட்டாள். அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன், நான் கூப்பிடுவேன் என்று அவள் இருந்திருக்கிறாள். இப்போது கூப்பிட்டதும் உடனே எடுத்தாள். நான் லைப்ரரியைப் பற்றிக் கேட்க, அவள் மாடியறை ஜன்னலைப் பற்றியும் எதிர்க்கடையில் சுடச்சுடப் போடும் பழம்பொரியைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய லேப்டாப் இராஜாக்கமங்கலத்தில் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறதாம்.

நான் அங்கே போனதும் அவளுடைய அம்மா அதை எடுத்து முந்தானையால் துடைத்துத் தந்தார். சார்ஜ் ஏறி உயிர்வந்ததும் தேடினேன். ஃபோல்டர்களுக்குள் எங்கோ உள்ளடுக்கில் அந்த லைப்ரரி பத்திரமாக இருந்தது. பிரதி எடுத்து முடியும்வரை அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூடப்போனபோது கேட்டார்: “அதுல அவ பேசினது ஏதாவது கெடக்கா மக்களே?”

நான் ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தேன். இல்லை. மேலே ஷைனி என்று பெயர் போட்ட நிரல்கள்தான் இருந்தன. அந்தப் பெயரை அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். “அவ பேரு போட்டிருக்கே, அது போதும்” என்றார்.

பச்சை

வீட்டுக்கு வந்து சேர்த்ததும் எல்லாம் பச்சையாக வந்தது. விட்டுப்போன ‘த்’தையும் பிடித்தது. சாருடைய இதழ் அச்சுக்குப் போனது. இனி ஒருநாளும் தொலையாதபடி லைப்ரரியை இணையத்தில் ஏற்றிவிட்டு ஷைனியிடம் சொன்னேன். நல்லது என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: “அப்போ இனி என்னைய கூப்பிட நினக்குக் காரணம் ஒண்ணும் இல்லியா ஏட்டி?”

எல்லாம் ஒழுங்காக ஓடும்போது, ஏதாவது ஒன்று உடையாதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஜாவாக்காரி இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.