வேப்பந்தட்டை ரோட்டில் ஒரு சோளக் குவியல்

வேப்பந்தட்டை தாண்டி இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறேன். பெடல் தரைவரை போகிறது, வண்டி நிற்கவில்லை. பழைய சொகுசு எஸ்யூவி, யானை கனம். பிரேக் ஆயில் விளக்கு காலையிலிருந்தே எரிந்தது. சென்சார் கோளாறு என்று நான்தான் விட்டுவிட்டேன். கியரைக் குறைத்தும் வேகம் அடங்கவில்லை. எதிரே பஸ் வருகிறது. இடப்பக்கம் பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளக் கதிர்கள் குவிந்திருக்கின்றன, பக்கத்தில் ஆளில்லை. அதிலேயே விடுகிறேன். கதிர்கள் நொறுங்கி, சக்கரம் புதைந்து, வண்டி நிற்கிறது.

சோளத்துக்குச் சொந்தக்கார அக்கா மரத்தடியிலிருந்து ஓடி வருகிறார். திட்டப்போகிறார் என்று நினைக்கிறேன்.

"அடிகிடி பட்டுடுச்சாங்க? மொதல்ல தண்ணி குடிங்க. சோளத்த அள்ளிக்கலாம்."

தண்ணீரைக் குடித்துவிட்டு, சிதறிய கதிர்களை அவரோடு சேர்ந்து அள்ளுகிறேன். அரைமணி முன்னால்தான், இதேபோல் ரோட்டில் சோளம் காயப்போட்டிருந்த ஒருவரிடம் கண்ணாடியை இறக்கிக் கத்தினேன்: "ரோடு என்ன உங்க களமா?"

இப்போது ஒரு கார் எங்கள் அருகே வந்து ஹாரன் அடிக்கிறது. ஓட்டி வந்தவர் அதே கேள்வியைக் கேட்கிறார். அக்கா தலை நிமிராமல் அள்ளுகிறார்.

"ஆமாங்க, களம்தான்," என்கிறேன் நான். "மெதுவாப் போங்க."